ஆபீசுக்கும் அதே வண்டி, வால்பாறைக்கும் அதே வண்டி

"அண்ணா, கையில 6 லட்சம் இருக்கு, தினமும் வேலைக்கு போகணும், ஆனா ஓட்டறப்ப ஒரு சந்தோஷம் இருக்கணும், எந்த காரை எடுக்கலாம்?" மாசத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது இந்த கேள்வி எனக்கு வந்துடுது, போன்ல அரை மணி நேரம் பேசி முடிச்சப்புறம் பாத்தா முக்கியமானது ஏதோ ஒண்ணு சொல்லாம விட்டிருப்பேன், அதனால மொத்தத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கறேன். நான் இருக்கறது கோயம்புத்தூர். கார் ரேசர் கரிவரதன் பேர்ல செட்டிபாளையத்துல ரேஸ் ட்ராக் இருக்கற ஊரு, 2005ல இந்தியாவுல இருந்து முதல் ஆளா ஃபார்முலா ஒன் ஓட்டின நரேன் கார்த்திகேயனோட ஊரு. இங்க டீக்கடையிலயே கேம் ஷாஃப்ட் பத்தி பேசுவாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சரைக்கு மலை ரோட்டுக்கு கிளம்பற கூட்டத்தை ஒரு நாள் போய் பாருங்க. பெரிய விலை வண்டிங்க ஒண்ணு ரெண்டு இருக்கும், மீதி எல்லாம் ஸ்விஃப்ட், போலோ, ஃபிகோ, பழைய ஹோண்டா சிட்டி, எங்கயாவது ஒரு லினியா. திங்கக்கிழமை காலையில அதே வண்டியிலதான் அவங்க வேலைக்கும் போறாங்க. ஏன் இந்த வண்டிங்களையே திரும்ப திரும்ப எடுக்கறாங்கன்னு புரிஞ்சுட்டா, உங்களுக்கு எது சரிவரும்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

புதுசா வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்கறது எவ்வளவு பிஎஸ் (என்ஜின் பவரோட அளவு), 100 தொட எத்தனை செகண்ட்னுதான். நம்ம வாரத்துல அஞ்சு நாள் ஓட்டறது 30ல இருந்து 60 வேகத்துல. அந்த வேகத்துல ஸ்டியரிங் திருப்பினா கைக்கு ஏதாவது தெரியணும், கியர் போட்டா விரலுக்கு பிடிக்கணும், ரெண்டாவது கியர்ல ஒரு சின்ன வளைவு எடுத்தாக்கூட நல்லா இருக்கணும். 150க்கு மேல போனாத்தான் உயிர் வர்ற வண்டிய அவினாசி ரோட்டுல வச்சு என்ன பண்றது? நான் கீழ சொல்ற எல்லாமே இதை வச்சுத்தான்.

முதல் வேலை: ஒரு வாரம் உங்க ரோட்டை எழுதுங்க

வண்டி பாக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் நோட்டுல குறிச்சு வைங்க. தினமும் எத்தனை கிலோமீட்டர், அதுல எவ்வளவு நேரம் ஊர்ந்து போறீங்க, வீட்டு சந்து எவ்வளவு அகலம், ஸ்பீட் பிரேக்கர் எப்படி இருக்கு, பின் சீட்டுல யாரு உக்காருவாங்க, மழை பெஞ்சா வண்டி நிக்கற இடத்துல தண்ணி நிக்குமா. இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா இதுதான் பாதி முடிவை எடுத்து குடுத்துடும்.

எனக்கு துடியலூர்ல இருந்து பீளமேடு, போக வர முப்பது கிலோமீட்டருக்குள்ள, பாதி வழி முதல் கியர் ரெண்டாவது கியர். மாசம் ஒரு தடவை வால்பாறையோ கோத்தகிரியோ. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால ரொம்ப தாழ்வான வண்டி எங்க வீட்டுக்கு ஆகாது. இந்த மூணு வரியிலயே பாதி வண்டிங்க லிஸ்ட்ல இருந்து போயிடுச்சு. தினமும் 80 கிலோமீட்டர் பைபாஸ்ல போறவங்களுக்கு லிஸ்ட் வேற மாதிரி வரும், அவங்க டீசலையும் பெரிய டர்போ பெட்ரோலையும் பாக்கலாம். தினமும் பத்து கிலோமீட்டர்தான்னா பழைய பிஎஸ்6 (2020ல வந்த புகை விதி) டீசல் பக்கம் போகாதீங்க, டிபிஎஃப்னு சைலன்சர் லைன்ல ஒரு ஃபில்டர் இருக்கும், அது சூடாகி புகைக்கரிய எரிச்சு சுத்தம் பண்ணிக்க கொஞ்ச நேரமாவது நிக்காம ஓடணும், சின்ன சின்ன ஓட்டத்துல அது அடைச்சுக்கும்.

ரெண்டாவது: பவருக்கு முன்னாடி பாக்க வேண்டியது

எடை. இதை யாரும் கேக்க மாட்டாங்க, நான் முதல்ல கேக்கறது இதைத்தான். 2018ல வந்த ஸ்விஃப்ட் பெட்ரோல் 900 கிலோவுக்கும் கீழ, 83 பிஎஸ்தான், ஆனா எடை குறைவா இருக்கறதால பிரேக் சீக்கிரம் பிடிக்குது, டயர் அவ்வளவா தேயாது, வளைவுல சொன்ன பக்கம் திரும்புது. 1300 கிலோ எஸ்யூவியில 115 பிஎஸ் இருந்தாலும் அந்த சுறுசுறுப்பு வராது, காரணம் சிம்பிள், ஒவ்வொரு தடவை திருப்பறப்பவும் நிறுத்தறப்பவும் அந்த எடைய நீங்க சமாளிக்கணும், அதுவும் அது உயரமா வேற உக்காந்திருக்கும்.

அடுத்தது எந்த ஆர்பிஎம்ல (என்ஜின் நிமிஷத்துக்கு சுத்தற எண்ணிக்கை) டார்க், அதாவது என்எம்ல அளக்கற இழுவை, வருதுன்னு. டர்போ பெட்ரோல் 1800 கிட்ட இருந்தே இழுக்கும், அடிக்கடி கியர் குறைக்க வேண்டியதில்ல, ட்ராஃபிக்குக்கு சுகம். டர்போ இல்லாத ஹோண்டா என்ஜின் 4000க்கு மேலதான் பாட ஆரம்பிக்கும், அதை அங்க கொண்டு போய் வைக்கறதே ஒரு தனி சந்தோஷம். ரெண்டுல எதுவும் தப்பு இல்ல, உங்க ரோட்டுல எதை அனுபவிக்க முடியும்னு மட்டும் பாருங்க.

ஸ்டியரிங்ல பழைய ஹைட்ராலிக்குக்கும் இப்ப வர்ற எலெக்ட்ரிக்குக்கும் வித்தியாசம் நிஜமாவே இருக்கு. ஹைட்ராலிக்ல டயர் எந்த மாதிரி ரோட்டுல ஓடுது, எப்ப கிரிப் விடப் போகுதுன்னு கைக்கு ஒரு சேதி வரும், பார்க்கிங்ல கொஞ்சம் கனமா இருக்கும். எலெக்ட்ரிக் லேசா இருக்கும், சில வண்டியில ரொம்பவே லேசு. பழைய ஃபியஸ்டா, முதல் ஃபிகோ, ஃபியட் புன்ட்டோ, லினியா இதெல்லாம் ஹைட்ராலிக், அதனாலதான் இன்னும் அதுக்குன்னு ஒரு கூட்டம் இருக்கு.

அப்புறம் உக்கார்ற இடம். சீட்டை உயரம் ஏத்தி இறக்க முடியுதா, ஸ்டியரிங் மேல கீழ மட்டும் அசையுதா இல்ல முன்ன பின்னயும் வருதா, கிளட்சை முழுசா அமுக்கறப்ப இடுப்பு நகராம கால் எட்டுதா. ஷோரூம்ல ரெண்டு நிமிஷம் உக்காந்தா எல்லா சீட்டும் நல்லாத்தான் இருக்கும். இருபது நிமிஷம் உக்காருங்க, சேல்ஸ் தம்பி ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

மூணாவது: யாரு எதை எடுக்கறாங்க, ஏன்

செகண்ட் ஹேண்ட்ல பாக்கறவங்களுக்கு முதல்ல சொல்றேன், ஸ்விஃப்ட்ல இருந்து ஆரம்பிக்கலாம். 2005ல நம்ம நாட்டுக்கு வந்துச்சு. எங்க போனாலும் பார்ட்ஸ் கிடைக்கும், எந்த ஊரு மெக்கானிக்குக்கும் கை பழக்கம், விக்கறப்ப ஒரே வாரத்துல போயிடும். ஓட்ட கத்துக்கறவங்களுக்கு இதை விட நல்ல வண்டி எனக்கு தெரியாது, தப்பு பண்ணினா உடனே காட்டும், பயமுறுத்தாது. டீசல் ஸ்விஃப்ட்ல இருந்தது ஃபியட்டோட 1.3 மல்டிஜெட், 75 பிஎஸ், 190 என்எம், இதே என்ஜின் ஏகப்பட்ட கம்பெனி வண்டிங்கள்ல போனதால நேஷனல் என்ஜின்னே பேரு வந்துடுச்சு. 2000 ஆர்பிஎம்முக்கு கீழ தூங்கும், தாண்டினதும் ஒரு தள்ளு தள்ளும், அந்த தள்ளுக்காகவே எடுத்தவங்க எத்தனையோ பேரு. 2020ல பிஎஸ்6 வந்தப்ப நிறுத்திட்டாங்க. ஸ்விஃப்ட்ல நான் மறைக்காம சொல்ல வேண்டியது பாதுகாப்பு, 2018ல க்ளோபல் என்கேப்னு வண்டிய மோத விட்டு பாக்கற டெஸ்ட்ல அதுக்கு 2 ஸ்டார்தான் கிடைச்சுது. குழந்தைங்களோட ராத்திரி ஹைவேயில அதிகமா போறவங்க இதை கணக்குல எடுத்துக்கோங்க.

போலோ பத்தி நிறைய சொல்லணும், ஏன்னா இதுலதான் புது ஆளுங்க அதிகமா ஏமாறறாங்க. 2010ல வந்துச்சு, 2022ல நிறுத்தினாங்க, ரெண்டு ஏர்பேக் இருக்கற மாடலுக்கு 2014ல 4 ஸ்டார் கிடைச்சுது, கதவை சாத்தினா வர்ற அந்த "தப்"ங்கற சத்தத்துக்கே பாதி பேரு விழுந்துடுவாங்க. ஆனா போலோன்னா எல்லாம் ஒண்ணு இல்லீங்க. சாதா 1.2 பெட்ரோல் 75 பிஎஸ், மூணு சிலிண்டர், வண்டி எடைக்கு அது பத்தாது. எல்லாரும் புகழற போலோ 2013ல வந்த ஜிடி டிஎஸ்ஐ, நாலு சிலிண்டர் டர்போ, 105 பிஎஸ், 175 என்எம், 7 ஸ்பீட் டிஎஸ்ஜி, அதாவது ரெண்டு கிளட்ச் வச்ச ஆட்டோமேட்டிக். அப்புறம் ஜிடி டிடிஐ டீசல். அப்புறம் 2020ல இருந்து 1.0 டிஎஸ்ஐ, 110 பிஎஸ், 6 ஸ்பீட் மேனுவலும் கிடைச்சுது, என் கணக்குல தினமும் ஓட்டறதுக்கு இருக்கறதுலயே நல்ல போலோ அந்த மேனுவல்தான். இப்ப சாதா போலோவுக்கு பின்னாடி ஜிடி எழுத்தை ஒட்டி விக்கறாங்க, எழுத்து கடையில கிடைக்குது. ஆர்சியில சிசி பாருங்க, 1.2 டிஎஸ்ஐ 1197 சிசி, சாதா 1.2 வந்து 1198 சிசி. ஒரே ஒரு நம்பர்தான் வித்தியாசம், பானெட்டை திறந்து நாலு சிலிண்டரா மூணான்னும் பாத்துடுங்க. 1.0ல சாதாவுக்கும் டர்போவுக்கும் சிசி ஒண்ணுதான், அங்க ஆர்சி உதவாது, டர்போ இருக்கான்னு கண்ணாலதான் பாக்கணும்.

ஜிடி டிஎஸ்ஐல இருக்கற டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் ட்ரை கிளட்ச் டைப், அதாவது கிளட்ச் ஆயில்ல முங்கி இருக்காது. ஹைவேயில வெண்ணெய் மாதிரி மாறும், ஊர்ந்து போற ட்ராஃபிக்ல சூடாகும், அதோட கியர் மாத்தற மெக்கட்ரானிக் யூனிட் போச்சுன்னா செலவு லட்சத்தை தாண்டும். அதனால பழைய டிஎஸ்ஜி எடுக்கறவங்க சர்வீஸ் ரெக்கார்டு இல்லாம எடுக்காதீங்க, அந்த செலவுக்கு கொஞ்சம் பணத்தை தனியாவும் வச்சுக்கோங்க. தினமும் ரெண்டு மணி நேரம் ட்ராஃபிக்ல நிக்கறவங்களுக்கு மேனுவலோ டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக்கோ போதும்.

ஃபோர்டு பத்தி பேசறப்ப எனக்கு கொஞ்சம் மனசு கனமாயிடும். மறைமலை நகர்ல நம்ம ஆளுங்க கையால செஞ்ச ஃபியஸ்டா 1.6 எஸ், 101 பிஎஸ்தான், ஆனா அந்த சேசிஸ் (வண்டியோட அடிக்கூடு) வளைவுல உக்கார்ற விதம், ஸ்டியரிங்ல வர்ற சேதி, இத்தனை வருஷம் கழிச்சும் அந்த விலைக்கு வேற வண்டி தரல. 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவுல தயாரிப்ப நிறுத்தறோம்னு சொன்னாங்க, அதோட பயந்து போய் பல பேரு வித்துட்டாங்க, விலை இறங்கிடுச்சு, தெரிஞ்சவங்க அப்பத்தான் வாங்கினாங்க. 2015க்கு அப்புறம் வந்த ஃபிகோ 1.5 டீசல், 100 பிஎஸ், 215 என்எம், இவ்வளவு சின்ன வண்டிக்குள்ள. பாக்கறதுக்கு சாதாரண டாக்ஸி மாதிரி நிக்கும், ஹைவேயில பின்னாடி வர்ற பெரிய வண்டிக்காரர் ஆச்சரியப்படுவாரு. சர்வீசும் பார்ட்ஸும் தொடர்ந்து தர்றாங்க, இருந்தாலும் வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஊர்ல சர்வீஸ் சென்டர் இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க. ஈக்கோஸ்போர்ட்ல 1.0 ஈக்கோபூஸ்ட் எடுக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: அதுல டைமிங் பெல்ட் என்ஜின் ஆயிலுக்குள்ளயே ஓடுது, தப்பான ஆயில் ஊத்தினா பெல்ட் கரைஞ்சு ஆயில் பம்ப் வழிய அடைச்சுடும். ஆயில் பில் இல்லாத வண்டிய விட்டுடுங்க.

ஃபியட் லினியா டி-ஜெட், 1.4 டர்போ, 114 பிஎஸ், 207 என்எம். புன்ட்டோவுல 2015ல அபார்த்னு 145 பிஎஸ்ல வந்துச்சு. ரெண்டுமே ஓட்டினா மறக்க முடியாத வண்டி. ஆனா முதல் வண்டியா, ஒரே வண்டியா, தினமும் ஆபீசுக்குன்னா வேணாம். ஒரு சின்ன பார்ட்டுக்கு மூணு வாரம் காத்திருக்க வேண்டி வரலாம், அந்த மூணு வாரம் நீங்க பஸ்லதான் போகணும். வீட்டுல இன்னொரு வண்டி இருந்தா தாராளமா எடுங்க.

ஹோண்டா சிட்டி, 2008ல இருந்து வந்த ஐ-விடெக் 1.5 பெட்ரோல், 118 பிஎஸ், கியர் விரல் நுனியில போடலாம், 7000 வரைக்கும் தயங்காம போகும், பத்து வருஷம் ஆனாலும் என்ஜின் சத்தம் போடாது. குடும்பத்துக்கும் பிடிக்கும் உங்களுக்கும் பிடிக்கும்னா பெரும்பாலும் பதில் இதுதான். அடி தட்டும், பெரிய ஸ்பீட் பிரேக்கர்ல குறுக்கா ஏத்தணும், அவ்வளவுதான் குறை.

நம்ம ஊரு வண்டி ஒண்ணு இருக்கு, பல பேருக்கு தெரியாது. 2018ல டாடாவும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேந்து டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபின்னு ரெண்டு விட்டாங்க, 1.2 டர்போ பெட்ரோல், 114 பிஎஸ், சஸ்பென்ஷன் கியர் எல்லாம் தனியா ட்யூன் பண்ணினது. கொஞ்ச நாள்லயே நிறுத்திட்டாங்க, வந்தது கம்மி, நல்ல கண்டிஷன்ல ஒண்ணு கண்ணுல பட்டா அன்னிக்கே போய் பாத்துடுங்க.

புதுசாத்தான் வேணும்னு சொல்றவங்களுக்கு ஹூண்டாய் ஐ20 என் லைன், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல தயாராகறது, 1.0 டர்போ, 172 என்எம், நாலு வீல்லயும் டிஸ்க், 2023ல இருந்து நிஜமான 6 ஸ்பீட் மேனுவல். இன்னும் மேல போனா ஃபோக்ஸ்வாகன் வெர்ட்டஸ் ஜிடி, 1.5 டிஎஸ்ஐ, 150 பிஎஸ், 250 என்எம், க்ளோபல் என்கேப் 5 ஸ்டார், மெதுவா போறப்ப ரெண்டு சிலிண்டரை தானே அணைச்சு பெட்ரோலை மிச்சம் பண்ணும், இந்த விலையில தினமும் ஓட்டறதுக்கும் ஆசைக்கும் ஒண்ணா கிடைக்கற வண்டி இப்ப இதுதான்னு நான் நினைக்கறேன். பெரிய ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் எல்லாம் ஆசைப்படலாம், சர்வீஸ் செலவுக்கும் டயருக்கும் மனசு தயாரா இருக்கணும்.

தார், ஜிம்னி எடுக்கறவங்களும் ஓட்டறதுல ஆசை உள்ளவங்கதான், அவங்க ரோடு வேற, இங்க அதுக்குள்ள போகல.

நாலாவது: பணத்தை பிரிச்சு வைங்க

6 லட்சம் இருந்தா 6 லட்சத்துக்கு வண்டி பாக்காதீங்க, 5 லட்சத்துக்கு பாருங்க. மீதி ஒரு லட்சம் முதல் மூணு மாசத்துக்கு. பழைய வண்டின்னா எல்லா ஆயிலும், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிட், பேட்டரி, டைமிங் பெல்ட் இருந்தா பெல்ட், சஸ்பென்ஷன்ல தேயற லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், கடைசியா நாலு டயர். 15 இஞ்ச் டயர் நல்ல கம்பெனில நாலு போட்டா 25,000ல இருந்து 30,000 வந்துடும். இதுல கஞ்சத்தனம் பண்ணிட்டு ஸ்பீக்கர் போடறவங்கள பாத்தா எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும், ரோட்டை தொடறது அந்த நாலு உள்ளங்கை அளவு ரப்பர் மட்டும்தான்.

அஞ்சாவது: போய் பாக்கறப்ப

போன் பண்ணறப்பவே "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம்"னு சொல்லிடுங்க. என்ஜின் மேல கை வச்சு பாருங்க, சூடா இருந்தா முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க, கோல்டு ஸ்டார்ட்ல வர்ற சத்தத்தை மறைக்கறாங்கன்னு சந்தேகப்படுங்க. ஸ்டார்ட் பண்ணினதும் பின்னாடி ஒருத்தர் நிக்கட்டும். நீலப் புகைன்னா ஆயில் எரியுது, நிக்காம வெள்ளைப் புகை வந்தா கூலன்ட் உள்ள போகுது, டீசல்ல மிதிச்சா கொஞ்சம் கரும்புகை பழைய வண்டிக்கு சகஜம். ஆயில் ஊத்தற மூடிய கழட்டுங்க, அடியில மோர் மாதிரி வெள்ளையா இருந்தா தண்ணி கலந்திருக்கலாம்.

பானெட், ஃபெண்டர் போல்ட் தலையில ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கான்னு பாருங்க. பெயின்ட் உரிஞ்ச போல்ட்னா கழட்டி மாட்டியிருக்காங்க. பட்டி பாத்த இடம் விரல்ல தட்டினா மத்த இடம் மாதிரி டங்குன்னு கேக்காது, மொத்தையா கேக்கும். சின்ன கீறலுக்கு பெயின்ட் அடிச்சது குத்தம் இல்ல, முன்னாடி ஏப்ரன்லயோ (பானெட்டுக்கு அடியில இருக்கற தகடு) பில்லர்லயோ (கூரைய தாங்கற தூண்) வெல்டிங் தெரிஞ்சா கிளம்பிடுங்க.

வெள்ளத்துல நின்ன வண்டி. இதை நான் அனுபவிச்சதால அழுத்தி சொல்றேன். ஒரு கன்சல்டிங்ல (பழைய வண்டி விக்கற கடை) பளபளன்னு ஒரு வண்டி எடுத்தேன், ரெண்டாவது மாசமே ஏசி போட்டா சேத்து வாடை, அப்புறம் ஒவ்வொரு சென்சாரா போக ஆரம்பிச்சுது, ஒரு வருஷம் அந்த வண்டியோட நிம்மதி இல்ல. 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் சென்னையில எத்தனை வண்டி முங்கிச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், 2023ல தூத்துக்குடி திருநெல்வேலி பக்கமும் அப்படித்தான். அதனால சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்து பாருங்க, சுருளுக்குள்ள இருக்கற பாகத்துல சேத்துக் கறை அப்படியே நிக்கும், அதை யாரும் கழுவ மாட்டாங்க. ஸ்டெப்னி எடுத்துட்டு அந்த குழியில துரு இருக்கான்னு பாருங்க, சீட்டுக்கு அடியில இருக்கற கம்பியையும் தடவி பாருங்க.

டயர் பக்கவாட்டுல கடைசி நாலு நம்பர், 2319ன்னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சது. ஓடோமீட்டர் 30,000 காட்டுது, ஆனா நாலு டயரும் வண்டி வருஷத்தை விட புதுசுன்னா கேள்வி கேளுங்க. ஸ்டியரிங் தோல், கிளட்ச் பெடல் ரப்பர், டிரைவர் சீட் ஓரம், இந்த மூணும் பொய் சொல்லாது.

ஆன்லைன்ல ஆயிரம் ரூபாய்க்கு கிடைக்கற ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறை போன்ல காட்டறது) ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க. எரர் கோட் ஒண்ணும் இல்லன்னதும் சந்தோஷப்பட வேணாம், "கோட் அழிச்சப்புறம் ஓடின தூரம்"னு ஒண்ணு காட்டும் பாருங்க, அது 8 கிலோமீட்டர்னு இருந்தா நேத்துதான் அழிச்சிருக்காங்க.

ஓட்டி பாக்கறப்ப பாட்டை நிறுத்துங்க, ஏசிய ஆஃப் பண்ணுங்க, கூட வர்றவர் பேசிட்டே இருப்பாரு, மரியாதையா அஞ்சு நிமிஷம் அமைதி கேளுங்க. நாலாவது கியர்ல 40ல போயிட்டு முழுசா மிதிங்க, ஆர்பிஎம் ஏறுது வேகம் ஏறலன்னா கிளட்ச் போச்சு. ஆள் இல்லாத நேர் ரோட்டுல 60ல இருந்து அழுத்தி பிரேக் பிடிங்க, ஒரு பக்கம் இழுக்குதா, ஸ்டியரிங் ஆடுதா. கரடுமுரடான ரோட்டுல மெதுவா போங்க, டொக் டொக்னு வந்தா புஷ் லிங்க் ராட் வேலை, அதை வச்சு விலைய குறைக்கலாம், அதுக்காக வண்டிய விட வேண்டியதில்ல. ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு வட்டமா சுத்தறப்ப கட கடன்னு கேட்டா ட்ரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். அப்புறம் உங்க மெக்கானிக் அண்ணாகிட்ட கொண்டு போய் லிஃப்ட்ல ஏத்தி காட்டுங்க, அதுக்கு விக்கறவர் ஒத்துக்கலன்னா வேற வண்டி பாருங்க.

ஆறாவது: பேப்பர்

இதுல சுருக்கமா சொல்றேன். ஆர்சி நம்பரை அரசோட பரிவாஹன் சைட்ல போட்டு ஓனர் எண்ணிக்கை, எஃப்சி, இன்சூரன்ஸ், லோன் இருக்கான்னு பாருங்க. லோன் இருந்தா பேங்க் என்ஓசியும் லோன் முடிஞ்சதுக்கான ஃபார்ம் 35ம் கையில வந்தப்புறம்தான் முழு பணம். பேர் மாத்த ஃபார்ம் 29, 30. இன்சூரன்ஸை 14 நாளைக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதி குடுங்க, நோ க்ளெய்ம் போனஸ் பழைய ஓனரோட போயிடும், உங்களுக்கு வராது.

டெல்லி வண்டி பாதி விலைக்கு வருதேன்னு ஆசைப்படறவங்களுக்கு: அங்க 10 வருஷம் ஆன டீசலுக்கும் 15 வருஷம் ஆன பெட்ரோலுக்கும் தடை வந்ததால அங்க விலை விழுந்துச்சு. இங்க கொண்டு வந்தா என்ஓசி, லைஃப் டாக்ஸ், மறுபடி ரிஜிஸ்ட்ரேஷன், நம்பர் ப்ளேட், லாரி வாடகை. எல்லாத்தையும் கூட்டி பாத்துட்டு முடிவு பண்ணுங்க, பல சமயம் பொள்ளாச்சியில கிடைக்கற வண்டியே மலிவு.

ஏழாவது: வாங்கின முதல் மாசம் ஒண்ணும் பண்ணாதீங்க

வண்டி வந்த வாரமே எக்சாஸ்ட், ஸ்பிரிங், ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்தறது)னு ஆரம்பிக்காதீங்க தம்பிங்களா. 1000 கிலோமீட்டர் கம்பெனில வந்தபடியே ஓட்டுங்க, வண்டி என்ன சொல்லுதுன்னு கேளுங்க. அப்புறம் வரிசையா: நல்ல டயர், வீல் அலைன்மென்ட், நல்ல பிரேக் பேட், புது பிரேக் ஃப்ளூயிட், தேஞ்சு போன ஷாக் இருந்தா மாத்தறது. இதை மட்டும் பண்ணினாலே பழைய ஸ்விஃப்ட் வேற வண்டி மாதிரி ஆயிடும், இதுக்கு எந்த ஆர்டிஓவும் கேள்வி கேக்க மாட்டாரு.

ரீமேப் பண்ணினா டார்க் ஏறும், கிளட்சும் கியர்பாக்ஸும் அந்த டார்க்குக்கு செஞ்சது இல்ல, வாரண்டி போகும், விபத்து ஆனா இன்சூரன்ஸ்ல தகராறு வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு படி கம்பெனி குடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்த முடியாது. வேகம் பாக்கணும்னு துடிப்பு இருந்தா செட்டிபாளையத்துலயோ இருங்காட்டுக்கோட்டையிலயோ ட்ராக் டே நடக்கறப்ப பணம் கட்டிட்டு ஹெல்மெட் போட்டுட்டு போங்க. ஒரு நாள் ட்ராக்ல ஓட்டினா பிரேக் எங்க பிடிக்கணும்னு புரியும், அது பைபாஸ்ல பத்து வருஷம் ஓட்டினாலும் புரியாது.

அப்புறம் மலை

காலையில வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி டயர் சூடாகாதப்பவே காத்து பாருங்க, டிரைவர் கதவு ஓரத்துல எழுதியிருக்கற அளவு. ஆழியார் செக்போஸ்ட் தாண்டினா வால்பாறை வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவு. ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி விடணும், அது சட்டத்துலயும் இருக்கு. வளைவுக்கு முன்னாடியே பிரேக் முடிச்சு ரெண்டாவது கியருக்கு வந்துடுங்க, வளைவுக்குள்ள லேசா மிதிச்சபடி போங்க, வண்டி சமமா உக்காரும். வளைவுக்கு நடுவுல பிரேக் பிடிக்கற பழக்கத்தை இங்கயே விட்டுடுங்க. எதிர் பக்க லைனுக்குள்ள ஒரு இஞ்ச் கூட போக வேணாம், அந்த பக்கம் அரசு பஸ் வரும்.

இறங்கறப்பதான் புது ஆளுங்க வண்டிய கெடுக்கறது. எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க, என்ஜினே வண்டிய பிடிக்கட்டும். பிரேக் மேல காலை வச்சுட்டே வந்தா பேட் சூடாகி, ஃப்ளூயிட்ல பழைய ஈரம் இருந்தா அது கொதிச்சு, பெடல் பஞ்சு மாதிரி கீழ போகும், அதுக்குத்தான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஃப்ளூயிட் மாத்த சொல்றேன். கருகின வாடை வந்தா ஓரமா நிறுத்துங்க, ஹேண்ட்பிரேக் போடாம கியர்ல விட்டு, வீலுக்கு கல்லு வைங்க, இருபது நிமிஷம் ஆறட்டும், தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் வளைஞ்சுடும். டர்போ வண்டி மலை ஏறி முடிச்சதும் உடனே அணைக்காம ஒரு நிமிஷம் ஐடில்ல விடுங்க.

9வது வளைவுல நிறைய பேரு வரையாடு பாக்க நிப்பாங்க, வேகத்தை குறைச்சுட்டு போங்க. வால்பாறை கிட்ட புதுத்தோட்டம் வந்தா 20க்கு வந்துடுங்க, சிங்கவால் குரங்குங்க குட்டியோட ரோட்டை தாண்டும். கண்ணாடிய இறக்கிட்டு ரெண்டாவது கியர்ல விடுங்க, தேயிலை வாசமும் என்ஜின் சத்தமும் மட்டும் கேக்கும், அங்க இருந்து டவுனுக்கு ரொம்ப தூரம் இல்ல, டீ சூடா கிடைக்கும்.